மான்டெவெர்டி வெஸ்பர்ஸ் சென்னையில் நேரில்: எங்கே உட்காருவது, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

பிருகா பிரியன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சென்னையில் இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் 1610 வெஸ்பர்ஸை முழுசாகப் பாடுகிறார்கள். பத்துப் பாடகர்கள், வயலின், கார்னெட்டோ (வளைந்த மரக்குழல்), சாக்பட் (பழைய டிராம்போன்), தியோர்போ (நீண்ட கழுத்துள்ள பெரிய லூட்), சின்னப் பெட்டி ஆர்கன் என்று அழைப்பிதழில் இருக்கிறது. இடம் எழும்பூர் கிர்க்கா (செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்), கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் தேவாலயமா என்பது இன்னும் முடிவாகவில்லையாம். ஒன்றரை மணி நேரம், இடைவேளை இல்லை.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது. ஒரு ஆலாபனையில் பாடகர் எங்கே நிற்கிறார், எங்கே போகிறார் என்று தொடர முடியும். ஆனால் ஆறு, எட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வரி பாடும்போது யாரைத் தொடர்வது என்று தெரியவில்லை. ரெக்கார்டிங்கில் எல்லாம் கலங்கலாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்? போவதற்கு முன் என்ன தயாரிப்பு (லத்தீன் சுத்தமாகத் தெரியாது)? இந்தக் காது உதவுமா, இடைஞ்சலா? எப்போது கைதட்டலாம்?

இரண்டாம் டெனர்

பிரியன் சார், எட்டுக் குரலையும் தொடரப் பார்க்காதீர்கள். மேடையில் நின்று பாடுகிறவர்களே அப்படிக் கேட்பதில்லை. ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்: அடியில் நீளமாக ஓடும் பழைய மெட்டு. அது கையில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்க ஆரம்பிக்கும்.

வெஸ்பர்ஸ் என்பது திருச்சபையின் மாலை ஜெபம். மான்டெவெர்டியின் தொகுப்பில் 13 உருப்படிகள்: தொடக்க வேண்டுதல் ஒன்று, சங்கீதங்கள் ஐந்து, அவற்றுக்கு நடுநடுவே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று குரல்கள் பாடும் சின்ன உருப்படிகள் நான்கு, கருவிகளுக்கான சொனாட்டா ஒன்று, 'ஆவே மாரிஸ் ஸ்தெல்லா' என்ற மரியாள் கீதம், கடைசியில் மாக்னிஃபிகாத் என்ற மரியாளின் துதி. 1610இல் வெனிஸில் அச்சானது. அப்போது அவர் மான்டுவாவில் கொன்ஸாகா பிரபுக்களிடம் வேலையில் இருந்தார். வெனிஸ் சான் மார்க்கோவின் இசைத் தலைவரானது 1613இல்தான். போப் ஐந்தாம் பவுலுக்குக் காணிக்கையாக்கிய புத்தகம். பழைய முறையும் கைவசம், புதிய முறையும் கைவசம் என்று காட்டுவதற்கே தொகுத்தது போல இருக்கும். இரண்டையும் ஒரே உருப்படிக்குள் வைத்துப் பின்னியதுதான் இதன் சிறப்பு.

அந்தப் பழைய முறைதான் நீங்கள் பிடிக்க வேண்டிய நூல். ஐந்து சங்கீதங்களுக்கும் மாக்னிஃபிகாத்துக்கும் அடியில் ஒரு கிரிகோரியன் மெட்டு, அதாவது திருச்சபையின் பழைய ஒற்றைக்குரல் மெட்டு, ஓடுகிறது. மெட்டு மிகச் சின்னது. இரண்டு மூன்று ஸ்வரம் ஏறி ஒரு ஸ்வரத்தில் நிற்கும், அந்த ஸ்வரத்திலேயே வரியின் சொற்களைச் சொல்லும், பாதியில் ஒரு சின்ன வளைவு, மறுபடி அதே ஸ்வரம், முடிவில் ஒரு இறக்கம். அடுத்த வசனத்துக்கும் அதே அச்சு. இதை ஒரு குரல் நீள நீளமாகப் பிடித்துக்கொண்டு போக, மற்றவர்கள் அதைச் சுற்றி வேகமாக ஓடுகிறார்கள். அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு உருப்படியிலும் மாறும்:

'நிசி தோமினுஸ்': ஐந்து ஐந்து பேராக இரண்டு கொயர் (பாடகர் குழு). இரண்டிலும் டெனர்தான் (உயர்ந்த ஆண் குரல்) மெட்டைச் சுமக்கிறார். ஒலி மிகவும் அடர்த்தி, அதனால் மேல் குரலைக் கேட்டால் மெட்டு சிக்காது. நடு உயரத்தில், அசையாமல் நிற்கும் குரலைத் தேடுங்கள்.

'லௌதா ஜெருசலேம்': டெனர் நடுவில் தனியாக, இருபுறமும் மூன்று மூன்று குரல்கள் கேள்வி பதிலாக. மெட்டைப் பிடிக்க இதுதான் சுலபமானது. வீட்டில் இதிலிருந்து தொடங்குங்கள்.

'லேத்தாத்துஸ் சும்': இங்கே மெட்டை விடக் கீழ்க்குரலைக் கவனியுங்கள். ஒரே நடை நடக்கும் பாஸ் வரி ஒன்று திரும்பத் திரும்ப வரும். எருசலேமுக்கு நடந்து போகிற சங்கீதம் அது (122).

சொனாட்டா: கருவிகள் எட்டும் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, மேலே சொப்ரானோ (மிக உயர்ந்த குரல்) மட்டும் 'சாங்க்தா மரியா, ஓரா ப்ரோ நோபிஸ்' என்ற ஒரே வரியை 11 முறை பாடும். மெட்டு ஒன்றே, காலப்பிரமாணமும், நடுவில் விடும் இடைவெளியும்தான் மாறும். அடுத்தது எங்கே வரும் என்று காத்திருப்பதே இதன் சுகம்.

தயாரிப்பு என்றால் முதல் வேலை தமிழ் வேதாகமத்தில் சங்கீதம் 110, 113, 122, 127, பிறகு 147இல் 12 முதல் 20 வரை. கூடவே லூக்கா 1:46–55. மொத்தமாக வாசிக்க கால் மணி நேரம் போதும். லத்தீன் நிகழ்ச்சிக் குறிப்பில் 109, 112, 121, 126, 147 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். லத்தீன் வேதாகமத்தின் எண் வரிசை வேறு, சங்கீதம் அதேதான். ஒவ்வொரு சங்கீதமும் 'க்ளோரியா பாத்ரி' என்ற பிதா சுதன் துதியில் முடியும். அந்த இரண்டு சொல் காதில் விழுந்தால் உருப்படி முடியப்போகிறது என்று அர்த்தம். தொலைந்துபோனவர்கள் மறுபடி ஏறிக்கொள்ள அது நல்ல இடம்.

சின்ன உருப்படிகளுக்கு உன்னதப்பாட்டைப் புரட்டுங்கள். 'நிக்ரா சும்' ஒரே டெனர் பாடுவது. 'சுர்ஜே', அதாவது 'எழுந்திரு' என்ற சொல் வரும்போதெல்லாம் குரல் படிப்படியாக ஏறும். பிறகு 'காலம் வந்தது' என்னும் வரியில் பாடகர் ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்பார், கீழே பாஸ் மட்டும் நகரும். ரெக்கார்டிங்கில் இது சாதாரணமாகத் தெரியும். நேரில், ஒரு மனிதர் அந்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்க, அடியில் தியோர்போ இடம் மாற மாற அதே ஸ்வரத்தின் நிறம் மாறுவது தெளிவாகக் கேட்கும்.

உட்காருவது: முன்வரிசை. சொல் தெரியாதவர்களுக்கு முகமும் வாயசைவும் பெரிய உதவி.

கைதட்டல்: கடைசியில் மட்டும்.

கல்யாணி மயிலை

மேலே சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். கர்நாடகக் காது இடைஞ்சலே இல்லை. ஒரு விஷயத்தில் அது இங்கே பெரிய பலம்: சுத்தமான அந்தர காந்தாரம்.

பியானோவிலும் சாதாரண கீபோர்டிலும் ஸ–க₃ இடைவெளி 400 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டினால் அதன் ஐந்தாவது ஹார்மோனிக்காகத் தானே எழும் காந்தாரம் 386 சென்ட். 14 சென்ட் வித்தியாசம். பழகிய காதுக்கு இது பெரிய இடைவெளி. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஆர்கன்களை மீன்டோன் என்ற முறையில் ஸ்ருதி கூட்டினார்கள். அதன் நோக்கமே இந்த 386ஐக் காப்பாற்றுவதுதான். அதற்கு விலையாகப் பஞ்சமத்தைச் சுமார் 5 சென்ட் குறைத்துக்கொண்டார்கள். ஆக, நல்ல குழு பாடும் மேஜர் கார்டில் (ஸ, க₃, ப மூன்றும் சேர்ந்து ஒலிப்பது) நீங்கள் கேட்கப்போவது தம்புராவுக்குள்ளிருந்து வரும் அதே காந்தாரம்.

வீட்டில் செய்து பாருங்கள். எலக்ட்ரானிக் தம்புராவை 2 கட்டைக்கு வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா கேட்டு, காந்தாரம் மேலே மிதப்பது காதில் விழுந்ததும் அதோடு சேர்த்து ஸ, க₃, ப என்று மெல்லப் பாடுங்கள். நிகழ்ச்சியின் முதல் உருப்படி இதுதான்: டெனர் ஒருவர் தனியாக அழைப்பார், உடனே ஆறு குரல்களும் ஒரே டி மேஜர் கார்டில் அத்தனை சொற்களையும் சொல்லும், மேலே கருவிகள் முழங்கும். அந்த முழக்கம் மான்டெவெர்டியின் 1607 ஆர்ஃபெயோ ஓபராவின் தொடக்கத்திலிருந்து எடுத்தது. குரல்கள் சொல்லும் கார்டு கடைசி அல்லேலூயா வரை மாறவே மாறாது. மாறாத கார்டு நம் காதுக்குப் புதிதும் இல்லை. குழு 440 ஸ்ருதியில் (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) இருந்தால் அது உங்கள் 2 கட்டை. வட இத்தாலியப் பழக்கப்படி 466 வைத்திருந்தால் 2½ கட்டை.

அடுத்தது கமகம். நம்முடையது போன்ற ஆட்டம் இங்கே இல்லை, அதைத் தேடினால் ஏமாற்றம்தான். பிருகா உண்டு, நிறையவே உண்டு. அதைத் தவிர 'த்ரில்லோ' என்று ஒன்று: ஸ்வரத்தை மாற்றாமல், அதே ஸ்வரத்தைத் தொண்டையில் தட்டித் தட்டி, மெதுவாக ஆரம்பித்து வேகமாக்குவது. ரோமைச் சேர்ந்த, ஃபிளாரன்ஸில் வேலை பார்த்த கச்சினி 1602இல் இதை எப்படிப் பழகுவது என்றே எழுதி வைத்தார். முதல் முறை கேட்கும்போது குரல் நடுங்குகிறது என்று நினைத்துவிடுவார்கள். நடுக்கம் இல்லை, எண்ணித் தட்டுவது.

இவை இரண்டையும் சேர்த்துக் கேட்க 'துவோ சேராஃபிம்' ஒன்று போதும். முழு நிகழ்ச்சியில் ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பத்துத் தடவை கேட்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு டெனர்கள். இருவரும் சேர்ந்து ஆரம்பித்து, ஒருவர் ஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்க, மற்றவர் பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்ந்து உரசுவார். அந்த உரசலைத் தாங்கிக்கொண்டு நின்று, பிறகு முதலாமவர் ஒரு படி இறங்கி இடம் விடுவார். உடனே அடுத்த உரசல். ஸ–ரி₂ இரண்டையும் இரண்டு பேர் ஒன்றாகப் பிடித்தால் காற்றில் ஒரு துடிப்பு கேட்குமே, அதுதான். இரண்டு வானதூதர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் ஏசாயா 6 வசனம். பிறகு 'த்ரேஸ் சுந்த்', 'மூவர் இருக்கிறார்கள்' என்ற சொல்லில், அதுவரை வாயே திறக்காத மூன்றாவது டெனர் சேர்வார். 'எத் ஹி த்ரேஸ்' என்பது மூன்று ஸ்வரக் கார்டு. 'உனும் சுந்த்', 'ஒன்றாயிருக்கிறார்கள்' என்றதும் மூவரும் ஒரே ஸ்வரத்தில் வந்து சேர்வார்கள். மூன்று தொண்டையும் ஒரே ஸ்வரத்தில் பூட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் ஸ்ருதி ஒரு இம்மி விலகினாலும் தெரியும். நம் ரசிகர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தாளம் போட வேண்டாம். இரட்டை நடையிலிருந்து மூன்று நடைக்குத் திடீரென்று மாறும் இடங்கள் நிறைய. கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பிக்கும். மைக் இல்லாத இடத்தில் அந்தச் சத்தம் நாலு வரிசை தள்ளிக் கேட்கும்.

வேப்பேரி வாசகர்

முன்வரிசை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், இரண்டாம் டெனர் சார். ஒரு குரல் பாடும் 'நிக்ரா சும்'முக்கு அது சரி. இரண்டு கொயர் பாடும் உருப்படிகளுக்கு முன்வரிசை மிக மோசமான இடம்.

கணக்கு இதுதான். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். இரண்டு கொயர்களை இடமும் வலமுமாகப் பிரித்து நிறுத்தியிருக்கும்போது, நீங்கள் இடப்பக்கக் கொயருக்கு அருகில், மற்றதற்கு 17 மீட்டர் கூடுதல் தூரத்தில் உட்கார்ந்தால், அந்தக் கொயர் உங்களுக்கு 50 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அந்த அளவில் காது அதைத் தனி ஒலியாகவே பிரித்துவிடும். 'நிசி தோமினுஸ்' மாதிரி, ஒரு கொயர் வரியை முடிக்குமுன் மற்றது ஏறிக்கொள்ளும் உருப்படியில் அப்போது தாளமே குலைந்த மாதிரி தெரியும். குழு சரியாகத்தான் பாடிக்கொண்டிருக்கும். ரொம்ப முன்னால் உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல், பக்கத்துப் பாடகர் மட்டும் கேட்பார், கலவை கிடைக்காது. கடைசி வரிசையில் எதிரொலி மிகுந்து மெய்யெழுத்துகள் கரைந்துவிடும்.

செயின்ட் ஜார்ஜ் என்றால் நீளமான கூடம். நடைபாதையை ஒட்டிய இருக்கை, முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே. இரண்டு பக்கமும் சம தூரம் என்பதே முக்கியம்.

கிர்க் வேறு மாதிரி. 1821இல் திறந்த கட்டடம், வட்டக் கூடம், 16 தூண்கள் தாங்கும் குவிமாடம். குழிந்த பரப்பு ஒலியைக் குவிக்கும். எந்தக் குவிமாடத்திலும் நேர் நடுவில் சில ஸ்வரங்கள் திடீரென்று பெரிதாகவும் சில மங்கலாகவும் கேட்க வாய்ப்பு அதிகம். நேர் நடுவிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, ஆனால் நடுக்கோட்டிலேயே உட்காருங்கள். தூணுக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். கீழ் ஸ்வரங்கள் தூணைச் சுற்றி வந்துவிடும். 'ஸ', 'த', 'க' போன்ற மெய்யொலிகள் இருக்கும் மேல் அலைவரிசை வராது. இருக்கை எண் போடாத நிகழ்ச்சியாக இருந்தால் 40 நிமிடம் முன்னால் போய்விடுங்கள். எழும்பூர் மெட்ரோவில் இறங்கினால் கிர்க் பக்கம்தான், வண்டி நிறுத்தும் கவலையும் இல்லை.

'ஔதி சேலும்' பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு டெனர் முன்னால் நின்று பாடுவார். இன்னொரு டெனர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து எதிரொலியாகப் பதில் சொல்வார். எதிரொலி வெறும் திருப்பிச் சொல்லல் இல்லை: 'கௌதியோ' என்றால் 'ஔதியோ', 'பெனெதிக்காம்' என்றால் 'திக்காம்', 'வீத்தா' என்றால் 'ஈத்தா'. 'மகிழ்ச்சி' என்று இவர் முடிக்க, 'கேட்கிறேன்' என்று அவர் பதில் தருகிறார். அந்த மறைவுப் பாடகர் பக்கவாட்டு வாசலிலோ மேல்மாடத்திலோ நிற்பார். ஓரத்து இருக்கை பிடித்தவர்களுக்கு அவர் எதிரொலியாகக் கேட்க மாட்டார், முதல் பாடகரை விடச் சத்தமாகக் கேட்பார். நடுவில் உட்கார இது இன்னொரு காரணம். மாக்னிஃபிகாத்தின் 'க்ளோரியா பாத்ரி'யிலும் இதே உத்தி: இரண்டு டெனர்கள், ஒருவர் கிட்ட, ஒருவர் எட்ட, நடுவில் மேல் குரல் அசையாமல் பழைய மெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்திலும் யாராவது ஒருநாள் இதைப் பாட வேண்டும் என்று ஆசை. 1680இல் அர்ச்சித்த கட்டடம். இந்தப் பாணியை வெனிஸிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுபோன இசையமைப்பாளர் ஷூட்ஸ் காலமாகி எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வளைந்த கூரை, கனத்த சுவர், சின்னக் கூடம். பத்துக் குரலுக்கு அளவான இடம்.

பிருகா பிரியன்

மூவருக்கும் மிக்க நன்றி. 'லௌதா ஜெருசலேம்' கேட்டுப் பார்த்தேன், நடு டெனர் பிடிபட்டுவிட்டார். 2 கட்டை தம்புராவும் வைத்துப் பார்த்தாயிற்று.

இரண்டு புதிய செய்தி. இடம் கிர்க் என்கிறார்கள். பெட்டி ஆர்கன் கிடைக்கவில்லையாம், எலக்ட்ரானிக் கீபோர்டு வைக்கப்போகிறார்கள். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மைக்கும் ஸ்பீக்கரும் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். ஏற்பாட்டாளர் தெரிந்தவர்தான், சொன்னால் கேட்பார். என்ன சொல்லட்டும்?

பெரம்பூர் கீபோர்டு சர்வீஸ்

கீபோர்டு பெரிய குறையில்லை, சரியாக வைத்தால். ஸ்பீக்கர்தான் கெடுக்கும். முதலில் அதைச் சொல்கிறேன்.

இரண்டு கொயரையும் மைக்கில் எடுத்து ஒரே ஸ்பீக்கர் வழியாக விட்டால் இடம் வலம் என்பதே போய்விடும். மறைவுப் பாடகரின் எதிரொலியும் முன்னால் இருக்கும் பெட்டியிலிருந்துதான் வரும். இந்த இசை கட்டடத்தையும் ஒரு வாத்தியமாக வைத்து எழுதியது. சான் மார்க்கோவில் எதிரெதிர் மாடங்களில் நின்று பாடிய வழக்கத்திலிருந்து வளர்ந்தது. பத்துத் தேர்ந்த குரல், சாக்பட் எல்லாம் இருக்கும்போது அந்தக் கூடத்துக்கு மைக் தேவையே இல்லை. சபா மைக் அளவுக்குப் பழகிய காதுக்கு முதல் ஐந்து நிமிடம் சத்தம் குறைவாகத் தெரியும், பிறகு காது தானே திறந்துகொள்ளும். அறிவிப்புக்கு ஒரு மைக் வைக்கட்டும், அறிவிப்பு முடிந்ததும் ஆம்ப்ளிஃபையரையே அணைக்கட்டும். ஃபேடரை மட்டும் இறக்கினால் ஸ்பீக்கரில் ஹம் ஓடிக்கொண்டே இருக்கும், தியோர்போவின் மெல்லிய ஒலியை அது தின்றுவிடும். ரெக்கார்டிங்குக்கு மைக் நிற்பதில் தடையில்லை.

கீபோர்டுக்கு:

தேவாலயத்தின் பெரிய பைப் ஆர்கனைப் பயன்படுத்தலாமே என்று யாராவது கேட்பார்கள். சரிவராது. அதன் ஸ்ருதி நிலையானது, கார்னெட்டோவும் சாக்பட்டும் அதற்கு இணங்கி வர வேண்டியிருக்கும். வாசிப்பவரும் பாடகர்களிடமிருந்து தள்ளி இருப்பார்.

கீபோர்டின் மெனுவில் டெம்பரமென்ட் அல்லது ஸ்கேல் டியூனிங் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் மீன்டோன், ரூட் 'சி'. கல்யாணி மேடம் சொன்ன 386 அப்போதுதான் வரும். ஈக்வல் டெம்பரமென்டிலேயே (சாதாரண பியானோ ஸ்ருதி) விட்டால் பாடகர்கள் சுத்தமான காந்தாரம் பாட, கீபோர்டு 14 சென்ட் கூடுதலாகக் கத்திக்கொண்டிருக்கும். கொயர் மெல்ல மேலே இழுபடும்.

டிரான்ஸ்போஸில் கவனம். 'லௌதா ஜெருசலேம்' உருப்படியையும் மாக்னிஃபிகாத்தையும் உயர்ந்த கிளெஃப்களில் (ஸ்வர உயரத்தைக் காட்டும் குறிகள்) எழுதியிருப்பதால் பல குழுக்கள் ஸ–ம₁ இடைவெளி அளவு கீழே இறக்கிப் பாடுகின்றன. அதற்கு டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் சில மாடல்களில் மீன்டோன் ரூட்டும் சேர்ந்து நகரும், சிலவற்றில் நகராது. ரூட் தவறான இடத்தில் நின்றுவிட்டால், சுத்தமாக ஒலிக்க வேண்டிய கார்டு ஓநாய்ப் பஞ்சமம் (மீன்டோனில் ஒரே இடத்தில் மிஞ்சும் அபஸ்வரப் பஞ்சமம்) பக்கம் போய்ச் சிக்கும். ரூட் 'சி' என்றால் அது ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவில் இருக்கும், கேட்டவுடன் பல் கூசும். ஒத்திகையில் இறக்கிய ஸ்ருதியில் ஒவ்வொரு கார்டாக வாசித்துச் சோதித்துவிட வேண்டும். வாசிப்பவர் கையாலேயே இறக்கி வாசித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒலி: 'சர்ச் ஆர்கன்' என்று பெயர் போட்ட முழு ஒலி வேண்டாம். அதில் 16 அடி பெடலும் (ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது) கீச்சென்ற மிக்சரும் சேர்ந்திருக்கும், பத்துக் குரலை மூழ்கடித்துவிடும். 8 அடி ஸ்டாப்டு ஃப்ளூட் (எழுதிய ஸ்ருதியிலேயே மென்மையாக ஒலிப்பது) மட்டும். எல்லோரும் சேர்ந்து பாடும் இடங்களில் 4 அடி (ஒரு ஸ்தாயி மேலே) ஒன்றைச் சேர்க்கலாம். ரிவெர்ப் பூஜ்யம், கட்டடம் தரும் எதிரொலி போதும். கீபோர்டின் ஸ்பீக்கர் பாஸ் பாடகர்களுக்குப் பக்கத்தில், தரையோடு, வாத்தியமே அங்கே இருப்பது போல வைக்க வேண்டும்.

ஃபேன்: நம் ஊரில் இதுதான் பெரிய பேச்சுவார்த்தை. ஓடினால் இரைச்சல், தாள் பறக்கும். நிறுத்தினால் வெப்பம் ஏறும், குடல் தந்திக்கு ஈரக்காற்று ஆகவே ஆகாது. தியோர்போவில் பெரும்பாலும் 14 தந்தி. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நகரும். நிஜப் பைப் ஆர்கன் இருந்திருந்தால் அது ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட் ஏறியிருக்கும், கூட்டம் நிரம்பி மூன்று டிகிரி ஏறினால் 9 சென்ட். அந்த வகையில் கீபோர்டு ஒரு லாபம், அது அசையாது. நடைமுறையில் நன்றாக வருவது: கூட்டம் வரும்வரை எல்லா ஃபேனும் முழு வேகத்தில், தொடங்கும்போது வாத்தியக்காரர்களுக்கு மேலே உள்ளவை நிறுத்தம், ரசிகர்களுக்கு மேலே உள்ளவை குறைந்த வேகம். சாலைப் பக்கத்துக் கதவுகள் மூடல், எதிர்ப்பக்கம் திறப்பு. மூன்று நான்கு உருப்படிக்கு ஒருமுறை ஸ்ருதி சேர்க்க இரண்டு நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

இரண்டாம் டெனர்

வேப்பேரி சாரின் கணக்கு சரி. இருக்கை விஷயத்தில் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

கைதட்டல் பற்றி இன்னும் கொஞ்சம். பல சங்கீதங்களின் 'ஆமென்' ஓங்கி முடியும், கை தானாக எழும். ஆனால் அடுத்த சின்ன உருப்படி அந்த எதிரொலி அடங்கும் அமைதியிலிருந்துதான் புறப்படுகிறது. 'லேத்தாத்துஸ் சும்' முடிந்து 'துவோ சேராஃபிம்' தொடங்கும் இடத்தில் கைதட்டினால் முதல் உரசலே காணாமல் போகும். சில குழுக்கள் சங்கீதங்களுக்கு முன்னால் கிரிகோரியன் முன்மொழி வரிகளையும் சேர்த்துப் பாடுவார்கள். அப்படியென்றால் இடைவெளியே இருக்காது. முடிவிலும் நடத்துநர் கையை இறக்கும்வரை பொறுங்கள்.

ஸ்ருதி சேர்க்கும் இரண்டு நிமிடத்தில் பேச்சு வேண்டாம் என்று நம் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்னெட்டோவை மட்டும் அப்போது நன்றாகப் பார்த்துவிடுங்கள்: தோல் சுற்றிய வளைந்த மரக்குழல், விரல் துளைகள், ஆனால் ஊதுவது டிரம்பெட் மாதிரி உதட்டை அதிரவைத்து. தூரத்தில் அது பாடும் குரலாகவே காதில் விழும். மாக்னிஃபிகாத்தின் 'தெபோசுயித்' வசனத்தில் முதலில் கார்னெட்டோக்கள், பிறகு வயலின்கள் என்று ஒன்றையொன்று எதிரொலிக்கும்போது எது எது என்று பிரித்துக் கேட்க அந்த அறிமுகம் உதவும்.

பிருகா பிரியன்

ஸ்பீக்கர் வேண்டாம் என்று ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார். மீன்டோன் விவரத்தை வாசிப்பவருக்கு அனுப்பியிருக்கிறார். கடைசியாக ஒன்று: ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாமா?

கல்யாணி மயிலை

ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் முழுசாக அச்செடுத்துக்கொண்டு போகாதீர்கள். பக்கம் புரட்டும் சத்தம் ஒரு தொல்லை. கண் தாளில் இருந்தால் எந்தப் பக்கக் கொயர் பாடுகிறது என்பதும் தவறிப்போகும். 'துவோ சேராஃபிம்' பக்கங்களை மட்டும் வீட்டில் தம்புராவோடு வைத்துப் பாருங்கள். அன்றைக்கு எடுத்துப்போக லத்தீனும் தமிழும் எதிரெதிராக எழுதிய ஒரே தாள் போதும், எழுத்து பெரிதாக. கூடத்தில் விளக்கைக் குறைத்துவிடுவார்கள், போன் வெளிச்சத்தில் படிக்க முடியாது.